மலைச்சரிவில் விவசாயம்: நீரிலும் மண்ணிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"ஓடும் நீரை நடக்க வை, நடக்கும் நீரை நிற்க வை, நிற்கும் நீரை மண்ணுக்குள் இறக்கு" என்று நீர்ப்பிடிப்பு வேலை செய்பவர்கள் சொல்வார்கள். நல்ல பாடம்தான். ஆனால் மலையில் இதன் முதல் வரி மட்டும்தான் எல்லா இடத்துக்கும் பொருந்தும். செங்குத்தான சரிவில், மழை கொட்டும் இடத்தில், நீரை நிற்க வைப்பதே ஆபத்தாக முடியலாம். தண்ணீர் எங்கே தங்கலாம், எங்கே சேதமில்லாமல் வெளியேற வேண்டும் என்பதை முடிவு செய்யாமலேயே மண்வெட்டியை எடுத்துவிடுகிறோம். மற்ற தவறுகள் பலவும் இதிலிருந்துதான் கிளம்புகின்றன.

முதலில் கண்ணில் படுவது, மேலிருந்து கீழாகப் பார் (செடி நடும் நீள மண்மேடு) பிடிப்பது. உருளைக்கிழங்கு, கேரட், இஞ்சி போடுபவர்கள் இதற்கு நியாயமான காரணம் சொல்வார்கள்: தண்ணீர் தேங்கினால் கிழங்கு அழுகிவிடும். பயம் சரிதான், வழிதான் தவறு. பார்களுக்கு நடுவே சரிவோடு இறங்கும் ஒவ்வொரு சாலும் மழைநாளில் ஒரு வாய்க்கால். ஒரு ஹெக்டேரில் 1 மில்லிமீட்டர் மண் போனால் 10 கன மீட்டர், அதாவது ஏறக்குறைய 12 டன். 1 மில்லிமீட்டர் குறைந்தது யாருக்கும் தெரியாது. அதனால்தான் பாறை தலைகாட்டும் வரை பலரும் கவலைப்படுவதில்லை.

பாரைச் சரிவுக்குக் குறுக்காகப் பிடித்து, 100 மீட்டருக்கு அரை மீட்டரிலிருந்து 1 மீட்டர் வரை லேசான வாட்டம் கொடுத்தால் போதும். தண்ணீர் தேங்காது, பாயவும் பாயாது. மெல்ல நடந்து ஓரத்துக்குப் போகும். அந்த ஓரத்தில் புல் வளர்ந்த வடிகால் ஒன்று இருக்க வேண்டும். வெறும் மண் வடிகாலாக விட்டால் இரண்டு மூன்று மழையில் அதுவே ஓடையாக அரித்துக்கொண்டு இறங்கும்.

குறுக்கு வரப்பைக் கண் மட்டத்தில் போடுவது அடுத்த தவறு. மலையில் கண்ணை நம்பவே கூடாது. பின்னால் தெரியும் சரிவு மட்டத்தையே மாற்றிக் காட்டும். நீளமான வரப்பில் ஓரிடம் அரை அடி தாழ்ந்திருந்தால்கூட மொத்தத் தண்ணீரும் அங்கேதான் வந்து சேரும். அங்கே உடைந்தால் கீழே உள்ள வரப்புகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போகும். வரப்பே இல்லாத நிலத்தைவிட இது மோசம்.

இதைத் தவிர்க்கச் செலவே இல்லாத கருவி 'ஏ' வடிவச் சட்டம். ஆள் உயரக் கம்பு இரண்டை மேலே சேர்த்துக் கட்டி, நடுவில் குறுக்குக் கம்பு வைத்து, உச்சியிலிருந்து ஒரு கல்லைக் கயிற்றில் தொங்கவிட வேண்டும். இரண்டு காலும் நிற்கும் இடத்தில் முளை அடித்து, கயிறு குறுக்குக் கம்பைத் தொடும் இடத்தைக் குறியுங்கள். அப்புறம் கால்களை இடம் மாற்றி அதே முளைகளில் நிறுத்தி மறுபடி குறியுங்கள். இரண்டு குறிக்கும் நடுப்புள்ளிதான் சரியான மட்டம். இனி ஒரு காலை ஊன்றி, கயிறு நடுப்புள்ளிக்கு வரும்வரை மற்ற காலை நகர்த்திக்கொண்டே போனால் சமமட்டக் கோடு கிடைத்துவிடும்.

படிப்படியாக அடுக்கு நிலம் வெட்டும்போது மேல்மண்ணைத் தனியாக ஒதுக்கி வைக்காமல் இயந்திரத்தை விட்டுத் தள்ளுவதைப் பார்த்தால் மனம் பதறுகிறது. நூற்றாண்டுகளாக உருவான ஒரு சாண் வளமண் அடியில் புதைந்து, உயிரற்ற அடிமண் மேலே வந்துவிடும். பிறகு எவ்வளவு உரம் கொட்டினாலும் அந்த நிலம் தேறப் பல வருடங்கள் ஆகும். மேல்மண்ணை ஒதுக்கி, மட்டம் செய்து, மறுபடி மேலே பரப்புங்கள். கூடுதல் வேலைதான், ஆனால் இதில் குறுக்குவழி கிடையாது. அதிக மழை பெய்யும் இடத்தில் படியின் தளம் உள்பக்கமாக, அதாவது மலையை நோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும். வெளிப்பக்கம் சாய்ந்தால் விளிம்பு வழியாகத் தண்ணீர் வழிந்து படியின் முகத்தையே அறுக்கும். அந்த முகத்தில் புல் பிடிக்க விடுங்கள், சுத்தம் என்று செதுக்காதீர்கள்.

பெரு நாட்டின் மச்சு பிச்சுவில் இன்கா மக்கள் 15ஆம் நூற்றாண்டில் கட்டிய படிகள் இன்றும் நிற்கின்றன. கல்சுவர்களின் உறுதி மட்டும் அதற்குக் காரணமில்லை. வளமண்ணுக்கு அடியில் மணலும் சரளையும் கல்லும் அடுக்கடுக்காகப் போட்டு, இறங்கும் தண்ணீருக்கு வழி விட்டிருக்கிறார்கள். இன்று சிமெண்ட் பூசிய தடுப்புச் சுவர் பல இடங்களில் வயிறு தள்ளி விழுவது இதை மறந்ததால்தான். சுவரைத் தள்ளுவது மண்ணின் எடை மட்டுமல்ல, பின்னால் அடைபட்ட தண்ணீரின் அழுத்தமும்தான். சிமெண்ட் சுவர் தவிர்க்க முடியாதென்றால் நீர்க்கசிவுத் துளைகள் விட்டு, பின்புறம் சரளை நிரப்ப வேண்டும். பூச்சில்லாத கல்கட்டு, மலைப்பக்கம் லேசாகச் சாய்த்துக் கட்டியது, எனக்கு எப்போதும் மேலாகத் தெரிகிறது; அதன் இடுக்குகளே வடிகால்.

சரி, நீரை மண்ணுக்குள் இறக்கும் குழிகளும் அகழிகளும்? நிலையான, மிதமான சரிவில் தாராளமாக வெட்டலாம். ஆனால் தரையில் பிறை வடிவ வெடிப்பு, ஒரே பக்கமாகச் சாய்ந்த மரங்கள், புதிதாகத் தோன்றிய கசிவு ஆகியவை தென்பட்டால் அங்கே ஒரு குழிகூட வெட்டக் கூடாது. அவை சரிவு நகர்கிறது என்பதற்கான அறிகுறிகள். அதில் நீரை இறக்கினால் நிலச்சரிவுக்கு நாமே வழி செய்கிறோம். அந்த இடத்தில் மேலே குறுக்கு வடிகால் வெட்டி, வரும் நீரைப் பக்கவாட்டில் திருப்பிவிடுவதே சரி. தண்ணீர்த் தொட்டியை, குட்டையை, வெட்டிக் கொட்டிய மண்ணின்மேல் அமைப்பதும் இதே போன்ற ஆபத்து.

ஊற்று வற்றினால் அதைத் தோண்டிப் பெரிதாக்கப் பார்ப்பார்கள். ஊற்றின் வாய் வெறும் வாசல்தான். அதற்கு நீர் ஊறும் இடம் மேலே இருக்கும். பாறை அடுக்குகள் சாயும் திசையைப் பொறுத்து மலையின் மறுபக்கத்தில்கூட இருக்கலாம். காப்பாற்ற வேண்டியது அந்த இடத்தை.

களை எடுப்பதில் நடக்கும் சேதம் யார் கண்ணிலும் படுவதில்லை. சரிவில் கொத்துபவர் கீழே நின்று, மேலே பார்த்துக் கொத்தி, மண்ணைத் தன் பக்கம் இழுப்பார். மழையே இல்லாமல் ஒவ்வொரு கொத்துக்கும் மண் கொஞ்சம் கீழே வருகிறது. பல வருடம் கழித்து மேல்வரிசைச் செடிகள் வேர் தெரிய நிற்கும். பக்கவாட்டில் கொத்தலாம், முடிந்த இடத்தில் களையை அரிவாளால் அறுத்து அங்கேயே மூடாக்காகப் போடலாம். மழைத்துளி நேராக மண்ணில் விழாமல் இருந்தாலே அரிப்பு வெகுவாகக் குறையும். வெட்டிவேர் வேலி போட்டால் இடைவெளி விடாதீர்கள். அரை அடிக்கும் குறைவாக நெருக்கி நட்டால்தான் மண்ணைப் பிடிக்கும்.

சொட்டுநீர் போடுபவர்கள் சமவெளிக் கணக்கை அப்படியே மலைக்குக் கொண்டுவருகிறார்கள். 10 மீட்டர் இறக்கத்துக்குச் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 1 கிலோ அழுத்தம் கூடும். உச்சியில் தொட்டி, 50 மீட்டர் கீழே வயல் என்றால் 5 கிலோ. சொட்டுக்குழாய்கள் பொதுவாக 1 கிலோவை ஒட்டிய அழுத்தத்துக்குச் செய்யப்பட்டவை. கீழே குழாய் பிய்த்துக்கொள்ளும், மேலே செடி காயும். முதன்மைக் குழாயைச் சரிவோடு இறக்கி, சொட்டுக்குழாய்களை மட்டக் கோட்டில் ஓட்டுங்கள். வழியில் திறந்த சிறு தொட்டிகள் வைத்தால் அழுத்தம் அங்கங்கே உடைந்துவிடும்.

கடைசியாக உரம். அதிக மழை சுண்ணாம்புச் சத்தைக் கரைத்துக் கொண்டுபோவதால் மலை மண் பெரும்பாலும் புளித்திருக்கும், அதாவது அமிலத்தன்மை கூடியிருக்கும். அந்த மண்ணில் மணிச்சத்து (பாஸ்பரஸ்) போட்டாலும் இரும்பும் அலுமினியமும் அதைப் பிடித்துக்கொள்ளும், செடிக்குக் கிடைக்காது. பரிசோதனை செய்து, தேவைப்பட்டால் முதலில் சுண்ணாம்போ டோலமைட்டோ இடுங்கள். யூரியாவை அதோடு சேர்த்துப் போடாதீர்கள், தழைச்சத்து (நைட்ரஜன்) ஆவியாகிவிடும். சில வாரம் விட்டு, பெருமழை வரும் நாளைத் தவிர்த்து, பல தவணையாக, செடிக்கு மேட்டுப்பக்கம் சிறு குழியில் இட்டு மண்ணால் மூடுங்கள்.