பெட்டியைக் கட்டிவிட்டுக் கேட்கும் ஜெபம்: தேவ சித்தம் தேடுவதில் நாம் செய்யும் தவறுகள்

இருபத்து நான்கு வயதில் ஒரே வாரத்தில் எனக்கு இரண்டு வேலை வந்தது. ஒன்று ஊரிலேயே, சம்பளம் குறைவு. மற்றது சென்னையில். எது தேவ சித்தம், அதாவது கடவுளுடைய விருப்பம், என்று அறிய மூன்று நாள் உபவாசம் இருந்தேன். பிறகு இரண்டு துண்டுத் தாளில் எழுதி வேதாகமத்துக்குள் வைத்து, முழங்காலில் நின்று ஒன்றை உருவினேன். 'ஊர்' என்று வந்தது. முகம் தொங்கிப்போயிற்று. "ஆண்டவரே, உறுதிப்படுத்தும்" என்று சொல்லி மறுபடி எடுத்தேன். மறுபடியும் ஊர். மூன்றாவது தடவை சென்னை. அன்று ராத்திரியே பஸ் ஏறிவிட்டேன். பிற்பாடு, ஆண்டவர் வழிகாட்டினார் என்று சபையில் எல்லார் முன்னும் சாட்சியும் சொன்னேன், முதல் இரண்டு சீட்டைப் பற்றி மூச்சு விடாமல்.

எரேமியா 42-ஆம் அதிகாரத்தை வாசிக்கும்போதெல்லாம் அந்தச் சாட்சி ஞாபகம் வந்து காது சுடும். எருசலேம் இடிந்த பிறகு மிஞ்சிய ஜனங்கள் எரேமியா தீர்க்கதரிசியிடம் வந்து, நாங்கள் எந்த வழியில் போகவேண்டும் என்று கர்த்தரிடம் கேட்டுச் சொல்லும், நன்மையானாலும் தீமையானாலும் கீழ்ப்படிகிறோம் என்கிறார்கள். கேட்க அருமையாக இருக்கிறது. ஆனால் முந்தின அதிகாரத்தின் கடைசி வசனங்களைப் பாருங்கள். எகிப்துக்குப் போவதற்காகப் புறப்பட்டு, பெத்லகேமுக்குப் பக்கத்தில் வந்து தங்கியிருக்கிறார்கள். பெட்டியைக் கட்டி, பாதி வழி வந்த பிறகுதான் கேட்கிறார்கள். பத்து நாள் கழித்து, "இந்தத் தேசத்திலேயே இருங்கள்" என்று பதில் வருகிறது. உடனே, "நீ பொய் சொல்லுகிறாய்" என்று தீர்க்கதரிசியின் மேலேயே பாய்கிறார்கள். எகிப்துக்குப் போனதும் போனார்கள், எரேமியாவையும் கூட்டிக்கொண்டு போனார்கள்.

மற்ற தவறுகளில் பாதி இதிலிருந்து பிறப்பவை என்பது என் அபிப்பிராயம். அதனால் இப்போதெல்லாம் ஜெபிக்க உட்கார்ந்ததும், "ஆண்டவரே, எனக்கு இன்னது வேண்டும்" என்று ஆசையை முதலில் வாய்விட்டுச் சொல்லிவிடுகிறேன். வீட்டுக்காரியிடமும் சொல்லிவிடுவேன். மறைத்து வைத்த ஆசைதான் பின்னால் கர்த்தருடைய குரலில் பேச ஆரம்பிக்கும்.

அடுத்தது வாக்குத்தத்த அட்டை. டிசம்பர் 31 ராத்திரி ஆராதனையில், புது வருஷத்துக்கென்று ஆளுக்கொரு வேத வசனம் எடுக்கத் தட்டில் வைத்து நீட்டுவார்களே, அதுதான். அட்டை எடுப்பதில் தப்பில்லை; என் பர்ஸிலும் ஒன்று இருக்கிறது. ஆனால், "நீ உன் தேசத்தையும், உன் இனத்தையும், உன் தகப்பனுடைய வீட்டையும் விட்டுப் புறப்பட்டு" என்று ஆபிராமுக்குச் சொன்னது கையில் வந்ததும், வெளிநாட்டு ஏஜென்டிடம் முன்பணம் கட்ட ஓடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இதில் அதிகம் அடிபடுவது எரேமியா 29:11. "நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை உங்களுக்குக் கொடுக்கும்படிக்கு" என்ற தமிழ்ச் சொற்கள் நமக்கு ரொம்ப வசதியாக அமைந்துவிட்டன. விசாவோ வரனோ, எதை எதிர்பார்க்கிறோமோ அதையே தருவார் என்று முடித்துக்கொள்கிறோம். இதற்கு முந்தின வசனத்தில் 70 வருஷம் என்று ஒரு கணக்கு இருக்கிறது. அது பாபிலோனில் சிறைப்பட்டிருந்தவர்களுக்குப் போன கடிதம். இரண்டே வருஷத்தில் எல்லாம் திரும்பும் என்று அனனியா என்கிற தீர்க்கதரிசி எருசலேமில் முழங்கிக்கொண்டிருந்தான். எரேமியாவோ, அங்கேயே வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், அந்தப் பட்டணத்துக்காக ஜெபம்பண்ணுங்கள் என்று எழுதுகிறார். ஊருக்குத் திரும்பத் துடித்தவர்களை இருந்த இடத்தில் இருக்கச் சொன்ன கடிதத்தை, விமான டிக்கெட்டுக்கு உத்தரவாதமாக வாசிக்கிறோம். வசனம் கையில் வந்தால் அந்த அதிகாரத்தை முழுசாக வாசியுங்கள். பத்து நிமிஷ வேலை.

கண்ணை மூடி வேதத்தைத் திறந்து விரல் படும் வசனத்தையே பதிலாக எடுத்துக்கொள்கிறவர்கள், ஆதிச் சபையின் பெரிய போதகரான அகஸ்டினை இழுப்பார்கள். உண்மைதான். 386-இல் மிலானில் ஒரு தோட்டத்தில் "எடுத்து வாசி" என்ற குரல் கேட்டுத் திறந்தார். ரோமர் 13-இன் கடைசி வசனங்கள் கண்ணில் பட்டன. ஆனால் அது அவரைக் களியாட்டையும் வெறியையும் விடச் சொன்னதே ஒழிய, எந்த வேலைக்குப் போகலாம் என்று சொல்லவில்லை. பிற்பாடு பிஷப்பாக இருந்தபோது எழுதிய ஒரு கடிதத்தில், உலகக் காரியங்களுக்காகச் சுவிசேஷப் பக்கங்களில் குறி பார்ப்பது தனக்குப் பிடிக்கவில்லை என்றும் எழுதிவைத்திருக்கிறார்.

சீட்டு விஷயத்தில் நான் தனி ஆள் இல்லை. 1737 மார்ச் 4 அன்று, ஜார்ஜியாவின் சவன்னாவில், மெதடிஸ்ட் இயக்கத்தைப் பின்னால் தொடங்கிய ஜான் வெஸ்லி, சோஃபியா ஹாப்கி என்ற பெண்ணைக் கல்யாணம் செய்வதா என்று தெரியாமல் மூன்று சீட்டு எழுதினார். ஒன்றில் 'கல்யாணம் செய்'. இன்னொன்றில் 'இந்த வருஷம் வேண்டாம்'. மூன்றாவதில் 'இனி நினைக்கவே நினைக்காதே'. மூன்றாவதுதான் வந்தது. மார்ச் 12-ஆம் தேதி அந்தப் பெண் வேறொருவரை மணந்துகொண்டார். வெஸ்லி நினைக்காமல் இருந்தாரா? ஆகஸ்டில் அந்தப் பெண்ணுக்குத் திருவிருந்து கொடுக்க மறுத்தார். அது வழக்காகி, டிசம்பரில் அந்தக் காலனியை விட்டே கிளம்பவேண்டி வந்தது. தீர்மானத்தைச் சீட்டு எடுத்துவிட்டது, ஆனால் மனசு அந்த இடத்துக்கு வந்து சேரவில்லை. புதிய ஏற்பாட்டில் அப்போஸ்தலர் சீட்டுப் போட்டது யூதாசின் இடத்துக்கு மத்தியாவைத் தெரிந்தெடுக்க ஒரு தடவைதான், அதுவும் பரிசுத்த ஆவி இறங்கிய பெந்தெகொஸ்தே நாளுக்கு முன்பு. அதன் பிறகு உட்கார்ந்து பேசுகிறார்கள், வாதாடுகிறார்கள், "பரிசுத்த ஆவிக்கும் எங்களுக்கும் நலமாகக் கண்டது" என்று எழுதுகிறார்கள். அந்த "எங்களுக்கும்" என்ற வார்த்தையைத்தான் நாம் தட்டிக்கழிக்கப் பார்க்கிறோம்.

தீர்க்கதரிசன வார்த்தை கேட்டு வரன் முடிப்பது பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன், வம்பு வேண்டாம். 1 இராஜாக்கள் 13-இல் அங்கே சாப்பிடக்கூடாது என்று கர்த்தர் சொல்லியனுப்பியிருந்த, யூதாவிலிருந்து வந்த தேவமனுஷனை, "தேவதூதன் சொன்னான்" என்று பொய் சொல்லிச் சாப்பிடக் கூப்பிட்டவன் யாரோ அந்நியன் இல்லை, அவனும் தீர்க்கதரிசிதான். நம்பிப் போனவனை வழியில் சிங்கம் கொன்றது. யோசுவா 9-இல், பக்கத்து ஊர்க்காரர்களாயிருந்தும் தூர தேசத்தார் என்று ஏமாற்ற வந்த கிபியோனியர் காட்டிய பூசணம் பிடித்த அப்பத்தைப் பார்த்து நம்பிய இஸ்ரவேல் தலைவர்கள் கர்த்தரிடம் கேட்கவில்லை. நாம் அதற்கு நேர்மாறு. கர்த்தரிடம் கேட்டுவிட்டோம் என்று அப்பத்தைப் பார்ப்பதே இல்லை. மாப்பிள்ளை வேலை செய்யும் இடத்தில் விசாரித்தால் அவிசுவாசமா? கல்யாணத்துக்கு முன் கோயிலில் மூன்று ஞாயிறு ஓலை வாசித்து அறிவிப்பது எதற்காம்? தடை தெரிந்தவர்கள் சொல்லட்டும் என்றுதானே.

"கதவு திறந்திருக்கிறது, உள்ளத்தில் சமாதானம் இருக்கிறது" என்பார்கள். கர்த்தர் போகச் சொன்ன நினிவேக்குப் போகாமல் ஓடிய யோனாவுக்கு இரண்டுமே இருந்தன. யோப்பாவில் தர்ஷீசுக்குப் போகிற கப்பல் தயாராக நின்றது, கையில் கூலிக்குக் காசும் இருந்தது. கீழ்த்தட்டில் படுத்து, புயலிலும் எழும்பாமல் அயர்ந்து தூங்கினான். பிதாவின் சித்தத்துக்கு முழுசாக ஒப்புக்கொடுத்த இயேசுவுக்கோ கெத்செமனேயில் வேர்த்துக் கொட்டியது.

இதன் மறுபக்கமும் உண்டு. எடுத்த தீர்மானத்தில் முதல் அடி விழுந்ததும், "ஐயோ, சித்தம் தவறிவிட்டேனோ" என்று குழம்பிப்போவது. சென்னை போன எட்டாவது மாதம் நானும் அப்படித்தான் இருந்தேன். (என் விஷயத்தில் சந்தேகப்பட நியாயம் இருந்தது என்பது வேறு.) பவுலுக்கு ராத்திரி தரிசனத்தில் மக்கெதோனியன் ஒருவன் நின்று "வந்து உதவிசெய்யவேண்டும்" என்று கூப்பிட்டான். பிலிப்பிக்குப் போனால் முதலில் வசனத்தை ஏற்றுக்கொண்டது ஒரு பெண், இரத்தாம்பரம் விற்கிற லீதியாள், அவளும் மக்கெதோனியாக்காரி இல்லை, ஆசியாவிலுள்ள தியத்தீராக்காரி. பிறகு கிடைத்தது பிரம்படி, உட்காவல், காலில் தொழுமரம். நடுராத்திரியில், கூடவே அடைபட்டிருந்த சீலா பக்கத்தில் திரும்பி, "அண்ணே, தரிசனத்தைச் சரியாகத்தான் பார்த்தீரா?" என்று கேட்டதாக லூக்கா எழுதவில்லை. இரண்டு பேரும் பாடிக்கொண்டிருந்தார்கள் என்றுதான் எழுதியிருக்கிறார்.