செருகினால் பொருந்துகிறதே என்று நம்பாதீர்கள்

பாகங்களை வாங்கித் தானே ஒரு கம்ப்யூட்டரை அசெம்பிள் செய்த சித்தப்பா மகன், போன வாரம் வீடியோ காலில் வந்தான். முகம் வாடிக் கிடந்தது. "அண்ணா, எல்லாத்தையும் மாட்டிட்டேன். ஃபேன் சுத்துது, லைட் எரியுது, மானிட்டர்ல மட்டும் ஒண்ணும் வரல. போர்டு போயிடுச்சுன்னு நினைக்கிறேன்." கேபினட்டின் பின்பக்கத்தைக் காட்டச் சொன்னேன். நினைத்தபடியே மானிட்டர் கேபிள் மதர்போர்டின் எச்டிஎம்ஐ துளையில் இருந்தது. அவன் வாங்கியிருந்தது எஃப் என்ற எழுத்தில் முடியும் இன்டெல் பிராசசர்; அதற்குள் கிராபிக்ஸ் கிடையாது, அதனால் மதர்போர்டின் துளையில் படம் வராது. கேபிளைப் பிடுங்கி, கீழே கிராபிக்ஸ் கார்டில் செருகினான். படம் வந்துவிட்டது.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் முதல் கம்ப்யூட்டரில் இதே காரியத்துக்காக ஒரு ராத்திரி முழுக்கக் கண் விழித்தவன் நான். கேபிள் உள்ளே போகிறது, அப்படியானால் அதுதான் சரியான இடம் என்று அன்றைக்கு நானும் நம்பினேன். புதிதாக அசெம்பிள் செய்பவர்களின் பாதித் தொல்லை இந்த நம்பிக்கையிலிருந்துதான் கிளம்புகிறது. எஸ்எம்பிஎஸ், அதாவது கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தரும் பெட்டியின் பின்னால் இருக்கும் சுவிட்சைப் போட மறப்பது போன்றவற்றை இங்கே சொல்லப் போவதில்லை. அதையெல்லாம் ஐந்து நிமிடத்தில் நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள்.

ரேமை அவசரப்படுத்துவது

நாலு ஸ்லாட் உள்ள போர்டில் இரண்டு ரேம் மட்டும் இருந்தால், பெரும்பாலான போர்டுகளில் பிராசசர் பக்கமிருந்து எண்ணி இரண்டாவதிலும் நாலாவதிலும் போட வேண்டும். போர்டில் ஏ2, பி2 என்று எழுதியிருக்கும். முதல் இரண்டு ஸ்லாட்டிலும் அது அழகாக உட்காரும்; ஆனால் கம்ப்யூட்டர் எழாமல் போகலாம், எழுந்தாலும் பாதி வேகத்தில் ஓடலாம். ஒரு பக்கம் மட்டும் கொக்கி உள்ள ஸ்லாட் என்றால் கொக்கி இல்லாத முனையைக் கட்டைவிரலால் இன்னொரு தடவை அழுத்திப் பாருங்கள். அங்கேதான் அரை மில்லிமீட்டர் தூக்கிக்கொண்டு நிற்கும்.

இன்னொன்று, டிடிஆர்5 ரேமுடன் முதல் முறை ஆன் செய்யும்போது போர்டு ரேமைப் பழக்கப்படுத்திக்கொள்ளச் சில நிமிடங்கள் எடுத்துக்கொள்ளும். அதுவரை திரை கறுப்பாகவே இருக்கும், ஒன்றிரண்டு தடவை தானாக அணைந்து எழவும் செய்யும். தெரிந்தவர் ஒருவர் இந்த இருட்டைப் பார்த்துப் பயந்து பவர் பட்டனை அழுத்தி அழுத்தி அணைத்திருக்கிறார். ஒவ்வொரு தடவையும் அது பாவம் முதலிலிருந்து ஆரம்பித்திருக்கிறது. ஆன் செய்துவிட்டு எழுந்து போய்விடுங்கள்.

போர்டு சொல்வதைக் கேட்காமல் இருப்பது

இப்போதைய போர்டுகள் பலவற்றில் ஓரத்தில் நாலு சின்ன விளக்குகள் உண்டு: சிபியு (பிராசசர்), டிராம் (ரேம்), விஜிஏ (கிராபிக்ஸ்), பூட் (விண்டோஸ் இருக்கும் டிஸ்க்). ஆன் செய்ததும் ஒவ்வொன்றாக எரிந்து அணையும். எது அணையாமல் நிற்கிறதோ அங்கே பாருங்கள். டிராம் விளக்கு நின்றுகொண்டிருக்கும்போது கிராபிக்ஸ் கார்டைக் கழற்றி மாட்டிக்கொண்டிருப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். சிபியு விளக்கு நின்றால் முதலில் போர்டின் மேல் இடது மூலையைப் பாருங்கள். பிராசசருக்கு மின்சாரம் தரும் 8 பின் கேபிள் அங்கே செருகாமல் விட்டுப்போயிருக்கும். அதுவும் சரி என்றால், அந்தப் பிராசசரை அறிந்துகொள்ளும் பயாஸ் (போர்டிலேயே பதிந்திருக்கும் தொடக்க மென்பொருள்) பதிப்பு இருக்கிறதா என்று பாருங்கள்.

பழைய எஸ்எம்பிஎஸ் கேபிளைப் புதியதில் மாட்டுவது

இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வரும். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கேபிள்களைத் தனித்தனியாகக் கழற்றி மாட்டும் மாடுலர் எஸ்எம்பிஎஸ் என்னிடம் இருந்தது. கம்ப்யூட்டர் அடிக்கடி தானாக ரீஸ்டார்ட் ஆனதால் அதுதான் கோளாறு என்று முடிவு செய்து, வேறு நிறுவனத்தின் புதிய மாடுலர் ஒன்றை வாங்கினேன். பழைய கேபிள்கள் கேபினட்டின் பின்புறம் வரிசையாகக் கட்டப்பட்டு அழகாக இருந்தன. அவற்றையெல்லாம் அவிழ்க்கச் சோம்பல். பெட்டியை மட்டும் மாற்றி, அதே கேபிள்களைப் புதியதில் செருகினேன். ஒவ்வொன்றும் கச்சிதமாகப் பொருந்தியது. ‘கிளிக்’ சத்தம்கூடக் கேட்டது.

பட்டனை அழுத்தினேன். ஃபேன்கள் ஒரு துள்ளு துள்ளி நின்றன. லேசாகக் கருகல் வாடை. இத்தோடு நிறுத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. ஹார்ட் டிஸ்க் கெட்டுவிட்டது போலிருக்கிறது, சோதித்துப் பார்ப்போம் என்று, படங்களெல்லாம் சேர்த்து வைத்திருந்த இன்னொரு டிஸ்கை எடுத்து அதே கேபிளில் மாட்டினேன். அதுவும் போயிற்று. முதல் டிஸ்க் போனது அறியாமை. இரண்டாவதுக்கு என்ன பெயர் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

விஷயம் இதுதான். கேபிளின் ஒரு முனை டிஸ்கிலோ போர்டிலோ செருகுவது. அது உலகம் முழுக்க ஒரே தரம். எஸ்எம்பிஎஸ் பக்கம் செருகும் முனைக்கு அப்படிப் பொதுத் தரம் இல்லை. கனெக்டரின் வடிவம் ஒன்றுபோல இருக்கும், ஆனால் எந்தப் பின்னில் 12 வோல்ட், எதில் 5 வோல்ட், எது கிரவுண்ட் என்பதை நிறுவனங்கள் தங்கள் இஷ்டப்படி வைத்திருக்கின்றன. ஒரே நிறுவனத்தின் இரண்டு வரிசைகளுக்குள்கூட மாறலாம். ஆக 5 வோல்ட் போக வேண்டிய வழியில் 12 வோல்ட் போகிறது. பழைய நாட்களில் மஞ்சள் வயர் 12, சிவப்பு 5, கறுப்பு கிரவுண்ட் என்று கண்ணால் பார்த்தே சொல்லலாம். இப்போது அழகுக்காக எல்லா வயரையும் கறுப்பாக்கிவிட்டார்கள்.

டிஸ்கின் அடிப்பலகையில் இப்படி அதிக வோல்டேஜ் வந்தால் தன்னைப் பலி கொடுத்து மற்றதைக் காப்பாற்றும் சின்ன டயோடு ஒன்று பெரும்பாலும் இருக்கும். அது ஷார்ட் ஆகிவிட்டால் அதன்பின் எந்த எஸ்எம்பிஎஸ்ஸில் மாட்டினாலும் கம்ப்யூட்டர் ஆன் ஆகாது. டிஸ்கைக் கழற்றினால் உடனே ஆன் ஆகும். இந்த அறிகுறி தெரிந்தால் டிஸ்கைத் தூக்கிப் போடாதீர்கள், சர்வீஸ் தெரிந்தவரிடம் காட்டுங்கள். என் முதல் டிஸ்க் அப்படித்தான் பிழைத்தது. படங்கள் இருந்தது பிழைக்கவில்லை. அது இன்னும் என் மேசை இழுப்பறையில் கிடக்கிறது.

அதனால் எஸ்எம்பிஎஸ் மாறினால் கேபிள்களும் மாற வேண்டும், எவ்வளவு அழகாகக் கட்டி வைத்திருந்தாலும் சரி. ‘ஒரு சாட்டா பவர் கேபிள் (டிஸ்குக்கு மின்சாரம் தருவது) குறைகிறது, உன்னிடம் இருந்தால் கொடு’ என்று நண்பரிடம் வாங்குவதும் இதே தவறுதான். மல்டிமீட்டர் வைத்து ஒவ்வொரு பின்னையும் அளந்து பார்க்கத் தெரியாதவரை அந்த வேலை வேண்டாம். கழற்றிய கேபிள்களை ஒரு பையில் போட்டு, எந்த மாடலுடையது என்று மேலே எழுதி வையுங்கள்.

‘சிபியு ஃபேன் எரர்’

ஆன் செய்ததும் திரையில் இப்படி வந்தால், பெரும்பாலும் பிராசசர் ஃபேனின் வயர் போர்டில் வேறு ஃபேனுக்கான பின்னில் இருக்கிறது. மாற்றிச் செருகுங்கள்.

இரண்டு டிஸ்கோடு விண்டோஸ் நிறுவுவது

விண்டோஸ் ஒரு டிஸ்கில் ஏறும், பூட் ஆகத் தேவையான சின்னப் பகுதி மற்றொரு டிஸ்கில் போய் உட்கார்ந்துவிடும். ஆறு மாதம் கழித்து அந்த மற்றொரு டிஸ்கைக் கழற்றும்போது ‘பூட் டிவைஸ் இல்லை’ என்று வரும். நிறுவும்போது ஒரு டிஸ்க் மட்டும் மாட்டியிருங்கள். அப்புறம், எம்.2 ஸ்லாட்டில் (போர்டிலேயே தட்டையாகப் படுக்கும் எஸ்எஸ்டிக்கான இடம்) எஸ்எஸ்டி போட்டதும், டிஸ்க் கேபிள் செருகும் சில சாட்டா போர்ட்கள் செயலிழக்கும் போர்டுகளும் உண்டு. எவை என்பது கையேட்டில் இருக்கும்.

சத்தம் வரவில்லை என்றதும் விண்டோஸை அழிப்பது

வேண்டாம்.

சத்தம் எங்கே போகிறது என்று பார்க்காமல் இருப்பது

முதலில் ஒரு பாட்டை ஓடவிட்டு, சவுண்ட் செட்டிங்கில் வால்யூம் பட்டை துள்ளுகிறதா பாருங்கள். துள்ளினால் கம்ப்யூட்டர் சத்தத்தை எங்கேயோ அனுப்பிக்கொண்டுதான் இருக்கிறது. எச்டிஎம்ஐயோ டிஸ்ப்ளே போர்ட்டோ மாட்டியதும் விண்டோஸ் அந்த மானிட்டரையே ஸ்பீக்கராக எடுத்துக்கொள்வது வழக்கம். மானிட்டரிலோ ஸ்பீக்கரே இருக்காது. அவுட்புட் பட்டியலில் சரியானதைத் தேர்ந்தெடுங்கள். பட்டியலில் மானிட்டர் மட்டுமே இருந்தால், பயாஸில் ஆன்போர்டு ஆடியோ அணைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, போர்டு தயாரித்தவர்களின் தளத்திலிருந்து ஆடியோ டிரைவரைப் போடுங்கள்.

பின்னால் பச்சைத் துளையில் கேட்கிறது, முன்னால் மட்டும் கேட்கவில்லை என்றால் டிரைவரை விட்டுவிடுங்கள். கேபினட்டிலிருந்து வரும் எச்டி ஆடியோ கேபிள் போர்டின் கீழ்ப் பகுதியில், பெரும்பாலும் இடது மூலையில் செருகப்பட வேண்டும். அதற்கும் யுஎஸ்பி 2.0 முனைக்கும் ஒன்பது ஒன்பது பின்கள்தான். யுஎஸ்பியில் ஓரத்துப் பின் இருக்காது. ஆடியோவில் ஓரத்துக்கு அடுத்த பின் இருக்காது. டார்ச் அடித்துப் பார்த்தால் தெரியும். பழைய கேபினட்டில் ஏசி97 (பழைய ஆடியோ தரம்) என்று எழுதிய இன்னொரு முனையும் தொங்கும். அதைச் சும்மா விடுங்கள். போர்டில் ‘ஸ்பீக்கர்’ என்று எழுதியிருக்கும் நாலு பின் இடம் பீப் சத்தத்துக்கு, பாட்டுக்கு அல்ல.

சித்தப்பா மகன் மறுநாளே மறுபடி கூப்பிட்டான். பாட்டு கேட்கிறதாம், பேசினால் மட்டும் எதிராளிக்குக் கேட்கவில்லையாம். செல்போனோடு வந்த ஹெட்செட்டை எடுத்துப் பின்னால் பச்சைத் துளையில் செருகியிருக்கிறான். "கரெக்டா உள்ள போச்சே அண்ணா!" என்றான். அந்தத் துளை சத்தத்தை வெளியே அனுப்ப மட்டும். மைக்குக்கு உரியது பக்கத்திலிருக்கும் இளஞ்சிவப்புத் துளை. ஒற்றை முனையை இரண்டாகப் பிரிக்கும் சின்னக் கேபிள் ஒன்று வாங்கச் சொல்லியிருக்கிறேன்.