பைக் டூல்ஸ்: எதற்கு எவ்வளவு காசு போடலாம்?

என்னிடம் இருப்பது 2009 மாடல் ஸ்ப்ளெண்டர். ஆயில் மாற்றுவது, செயின் டைட் வைப்பது, பிரேக் ஷூ, கார்புரேட்டர் கிளீனிங் எல்லாம் ஐந்தாறு வருடமாக வீட்டு வாசலிலேயே நடக்கிறது. சொந்தமாக வேலை பார்க்க ஆரம்பிக்கும் நண்பர்கள் முதலில் கேட்பது, "எந்த டூல் செட் வாங்கலாம்?" என்பதைத்தான். ஒரு செட்டின் பெயரைச் சொல்லி முடித்துக்கொள்ள எனக்கு மனசு வருவதில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

பலரும் சொல்லும் வழி இது: முதலில் எல்லாவற்றையும் மலிவாக வாங்கு, எது உடைகிறதோ அதை மட்டும் அடுத்த தடவை நல்லதாக வாங்கு. கேட்க நியாயமாகத்தான் இருக்கும். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். ஆனால் என்னிடம் எதுவும் உடையவில்லை. முதல் ஆயில் சேஞ்சிலேயே 17-ம் நம்பர் ரிங் ஸ்பேனர் ட்ரெயின் போல்ட்டின் (இன்ஜின் அடியில் ஆயிலை வடிக்கக் கழற்றும் போல்ட்) தலையில் விருட்டென்று சுற்றிவிட்டது. ஸ்பேனர் முழுசாக இருந்தது. போல்ட்டின் ஆறு மூலையும் மழுங்கி, விரலால் தடவினால் கூழாங்கல் மாதிரி வழவழவென்று இருந்தது. வைஸ் கிரிப்பால் கவ்விப் பிடித்து, சுத்தியலால் தட்டித் தட்டிக் கழற்றுவதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் முழுக்கப் போய்விட்டது.

அன்றைக்குப் புரிந்தது, மட்டமான டூல், தான் உடைவதற்கு முன்னாலேயே வண்டியைக் கெடுத்துவிடும். அதிலிருந்து ஒரு டூலை எடுக்கும்போது நான் கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்று: இது வழுக்கினால் எது கெடும்?

படி 1: வண்டியைப் பார்த்து லிஸ்ட் எழுதுங்கள்

ஜப்பான் வழி வந்த சின்ன வண்டிகளில் பெரும்பாலும் 8, 10, 12, 14, 17, 19 மில்லிமீட்டர் அளவுகள்தான் வரும். கடையில் தொங்கும் டபுள் ஸ்பேனர் செட்டோ 6-7, 8-9, 10-11, 12-13, 14-15, 16-17 என்று போகும். அதில் 7, 9, 11, 15 பக்கமெல்லாம் நீங்கள் தொடாமலே கிடக்கும். லூசில் 10-12, 14-17 என்ற ஜோடி கிடைக்கும் கடை உங்கள் ஊரில் இருந்தால் அங்கேயே வாங்குங்கள். சென்னைக்காரர்கள் பாரிமுனைப் பக்கம் ஒரு நடை போனால் கிடைத்துவிடும்.

108 பீஸ் டூல் பெட்டியைப் பற்றி எல்லாரும் கேட்கிறார்கள். அந்த எண்ணிக்கையில் பாதிக்கு மேல் சின்னச் சின்ன பிட்டுகளும், பைக்கில் எங்கேயும் உட்காராத சாக்கெட்டுகளும்தான் (போல்ட் தலையின் மேல் தொப்பி மாதிரி மாட்டும் குழல்கள்). என் வண்டிக்கு அதில் தேவைப்படுவது பத்துப் பன்னிரண்டு பீஸ். அதே காசுக்கு அந்தப் பத்தை மட்டும் நல்ல தரத்தில் வாங்கிவிடலாம். நான் பெட்டிக்கு எதிரான கட்சி.

படி 2: எது எந்த வரிசையில்

மலிவாக வாங்கலாம்: சுத்தியல், புனல், செயின் பிரஷ், ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்). ஆயில் பிடிக்கத் தட்டு வாங்கவே வேண்டாம், பழைய ஐந்து லிட்டர் கேனைப் பக்கவாட்டில் அறுத்தால் போதும். இவற்றில் எதுவும் வழுக்கி எதையும் கெடுக்கப் போவதில்லை.

நடுத்தரம் போதும்: டபுள் ஸ்பேனர், கட்டிங் பிளையர், நோஸ் பிளையர், டி ஸ்பேனர். இங்கே என் தேர்வு டப்பாரியா. நாசிக்கில் செய்கிறார்கள், எந்த ஊர் ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கிறது, நம் ஊர் மெக்கானிக்குகள் தினமும் கையில் வைத்திருப்பதும் அதுதான். ராட்செட்டும் (சாக்கெட்டைக் கழற்றி மாட்டாமலே முன்னும் பின்னும் ஆட்டித் திருப்பும் கைப்பிடி) இந்த வரிசையில்தான் வரும். பல் 72 இருந்தால் 5 டிகிரி ஆட்டினாலே அடுத்த பல் பிடிக்கும், 24 பல் என்றால் 15 டிகிரி ஆட்ட வேண்டும். இன்ஜினுக்கும் ஃப்ரேமுக்கும் நடுவில் கை நுழையாத இடத்தில்தான் இந்த வித்தியாசம் தெரியும். ஒன்று மட்டும், இறுகிப்போன நட்டைக் கழற்ற ராட்செட்டைப் போடாதீர்கள். பல் தாண்டினால் விரல் முட்டி போய் ஃப்ரேமில் அடிக்கும். முதலில் இறுக்கத்தை விடுவிக்க சாக்கெட் மாட்டிய நீளமான கம்பி, அப்புறம் ராட்செட்.

காசு போட வேண்டியவை: 10, 12, 14, 17 சாக்கெட்டுகள், ஸ்டார் டிரைவர், அலென் கீ (ஆறு மூலை உள்ள எல் வடிவக் கம்பி), டார்க் ரெஞ்ச் (வைத்த அளவு இறுகியதும் 'டிக்' என்று சத்தம் தரும் ரெஞ்ச்). இந்த நான்கும் வழுக்கினாலோ தப்பாக இறுக்கினாலோ போவது போல்ட்டின் தலை, ஸ்க்ரூவின் குழி, அலுமினிய கேஸின் மரை (போல்ட் திருகி உட்காரும் புரி).

படி 3: கடைக்குப் போகும்போது ஒரு போல்ட்டை எடுத்துப் போங்கள்

இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் உங்கள் வண்டிக்கான புது ட்ரெயின் போல்ட் ஒன்று வாங்கி சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். டூல் கடையில் அதை ஸ்பேனருக்குள்ளோ சாக்கெட்டுக்குள்ளோ நுழைத்து, போல்ட்டை அசையாமல் பிடித்துக்கொண்டு ஸ்பேனரை மட்டும் இடம் வலமாக ஆட்டிப் பாருங்கள். நல்லதில் லேசான ஓர் அசைவு இருக்கும், உடனே பிடித்துக்கொள்ளும். மட்டமானதில் நுனி தாராளமாக ஆடும். வெர்னியர் அளவுகோல் இருந்தால் ஸ்பேனரின் வாயை அளந்துவிடலாம். 17-ம் நம்பர் ஸ்பேனரின் வாய் 17-க்கு மேல் கால் மில்லிமீட்டர் வரை இருந்தால் சரி. அரை மில்லிமீட்டர் வந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பிறகு என் பழைய ரிங்கை அளந்து பார்த்தபோது அரைக்கும் மேலே காட்டியது.

அடுத்து சாக்கெட்டின் உள்ளே எட்டிப் பாருங்கள். பன்னிரண்டு மூலை இருந்தால் வேண்டாம், ஆறு மூலை வாங்குங்கள். பன்னிரண்டு மூலை எந்தக் கோணத்திலும் சீக்கிரம் உட்காரும், ஆனால் அழுத்தம் போல்ட்டின் மூலைக்குப் பக்கத்திலேயே விழும். ஆறு மூலையில் அழுத்தம் மூலையிலிருந்து தள்ளி, தட்டையான பக்கத்தில் விழும். இதை இன்னும் ஒரு படி மேலே கொண்டு போய், சாக்கெட்டின் மூலைகளையே சற்று வளைத்துக் குடைந்து செய்யும் முறையை ஸ்னாப்-ஆன் என்ற அமெரிக்க டூல் கம்பெனி 'பிளாங்க் டிரைவ்' என்ற பெயரில் கொண்டுவந்தது. அதன் காப்புரிமைக் காலம் முடிந்து பல வருடமாகிறது. இன்று நடுத்தர விலை சாக்கெட்டுகளிலேயே அந்த வளைவு இருக்கிறது. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பாருங்கள், தெரியும்.

மேலே 'சி.ஆர்.வி.' என்று பொறித்திருந்தால் குரோம் வனேடியம் ஸ்டீல் என்று அர்த்தம். பொறிப்பதை யார் வேண்டுமானாலும் பொறிக்கலாம், அதனால் எழுத்தைவிட நான் போல்ட் சோதனையைத்தான் நம்புகிறேன்.

படி 4: ஸ்டார் டிரைவர்

நாம் எல்லாவற்றையும் ஸ்டார் என்றுதான் கூப்பிடுகிறோம். ஜப்பானிய வழி வண்டிகளின் ஸ்டார் ஸ்க்ரூவின் குழி ஜிஸ் என்ற ஜப்பானியத் தரத்தில் வெட்டியது. சாதாரண பிலிப்ஸ் டிரைவர் அதில் அடி வரை இறங்காது, திருகும்போது மேலே ஏறிக்கொண்டு குழியைச் சுரண்டிவிடும். ஸ்க்ரூ தலையில் ஒரு குட்டிப் புள்ளி இருந்தால் அது ஜிஸ் என்பதற்கு அடையாளம். கார்புரேட்டர் பவுல், கிளட்ச் கவருக்குள் இருக்கும் ஆயில் ஃபில்டர் மூடி இரண்டிலும்தான் பெரும்பாலோர் மாட்டிக்கொள்கிறார்கள். நான் பயன்படுத்துவது வெசல் என்ற ஜப்பான் கம்பெனி டிரைவர். 2-ம் நம்பர் ஒன்று, 3-ம் நம்பர் ஒன்று, இரண்டே போதும். பெரிய ஸ்க்ரூவுக்கு 2-ம் நம்பரைப் போடாதீர்கள், 3-ம் நம்பர் என்று ஒன்று இருப்பதே பல பேருக்குத் தெரியவில்லை.

அலென் கீ பற்றி ஒரு வரி: நுனி மழுங்கிவிட்டால் தூக்கிப் போடாதீர்கள், கிரைண்டரில் சூடேற விடாமல் இரண்டு மூன்று மில்லிமீட்டர் அறுத்துவிட்டால் புது மூலை கிடைத்துவிடும்.

படி 5: டார்க் ரெஞ்ச்

இங்கேதான் நான் நன்றாக அடிபட்டேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

போல்ட் மழுங்கின கதைக்கு அப்புறம், இனி மட்டமானதைத் தொடுவதில்லை என்று முடிவெடுத்து, நல்ல விலை கொடுத்து அரை இன்ச் டிரைவ் (சாக்கெட் மாட்டும் சதுர நுனியின் அளவு) டார்க் ரெஞ்ச் ஒன்று வாங்கினேன். இறுக்கும் அளவு 28 முதல் 210 நியூட்டன் மீட்டர் வரை. டூலில் எந்தக் குறையும் இல்லை. ட்ரெயின் போல்ட்டுக்கு வேண்டியது 24. ரெஞ்சில் இருப்பதிலேயே குறைந்தது 28. நாலு கூடினால் என்ன ஆகிவிடும் என்று 28-ல் வைத்து இறுக்க ஆரம்பித்தேன். போல்ட் உட்கார்ந்தது. 'டிக்' சத்தம் வரவில்லை. இன்னும் கொஞ்சம். வரவில்லை. இன்னும் கொஞ்சம். திடீரென்று கையில் எதிர்ப்பே இல்லாமல் போனது, வெண்ணெயில் கரண்டி இறங்கின மாதிரி. கழற்றிப் பார்த்தால் போல்ட்டின் மரையைச் சுற்றி இன்ஜின் கேஸின் அலுமினிய மரை சுருளாக ஒட்டிக்கொண்டு வந்திருந்தது.

லேத் பட்டறை அண்ணன் வண்டியைச் சாய்த்து வைத்து, ஓட்டையைச் சற்றுப் பெரிதாக்கி, புது மரை வெட்டி, ஹெலிகாயில் என்ற ஸ்டீல் சுருளை உள்ளே இறக்கிக் கொடுத்தார். வேலை முடிந்ததும் என் ரெஞ்சைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "தம்பி, இது கார் வீலுக்கு ஆகும். இதைப் போய் இந்தப் போல்ட்டுல வச்சீங்களே" என்றார்.

அவர் சொன்னதற்குக் கணக்கு இருக்கிறது. டார்க் ரெஞ்சைச் சோதிக்கும்போது வழக்கமாக அதன் உச்ச அளவில் 20, 60, 100 சதவீதத்தில்தான் சோதிப்பார்கள். 210-ல் 20 சதவீதம் 42. என் 28 அதற்கும் கீழே. ஸ்பிரிங் கிட்டத்தட்டத் தளர்ந்து கிடக்கும் அந்த இடத்தில் 'டிக்' கேட்டாலும் லேசாகத்தான் கேட்கும், அளவையும் நம்ப முடியாது. ரெஞ்சின் கைப்பிடியும் நீளம், எவ்வளவு பலம் போடுகிறோம் என்பதே கைக்குத் தெரியாது.

பைக்குக்கு முதலில் வாங்க வேண்டியது 3/8 இன்ச் டிரைவ், 10 முதல் 60 வரை போகும் ரெஞ்ச். 24 அதில் நல்ல இடத்தில் விழும். வீல் ஆக்சில் நட்டு மாதிரி பெரிய வேலைக்கு அரை இன்ச்சைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

வாங்கின அன்றே பழக வேண்டியவை: கைப்பிடியின் நடுவில் பிடியுங்கள். மெதுவாக ஒரே இழுப்பு, ஒரு 'டிக்', அதோடு நிறுத்துங்கள். உறுதிக்காக இரண்டாவது தடவை இழுத்தால் அளவு ஏறிவிடும். இதை வைத்து எதையும் கழற்றாதீர்கள். வேலை முடிந்ததும் ஸ்கேலின் மிகக் குறைந்த எண்ணுக்குத் திருப்பி வையுங்கள், அதற்கும் கீழே தளர்த்த வேண்டாம். ட்ரெயின் போல்ட் வாஷரை ஒவ்வொரு தடவையும் புதிதாகப் போடுங்கள்.

படி 6: அப்படியானால் ஸ்னாப்-ஆன் வாங்கலாமா?

எனக்கு அந்த டூல்ஸ் மேல் மரியாதை உண்டு. ஒரு தடவை கையில் பிடித்துப் பார்த்தால் விடவே மனசு வராது. ஆனால் அமெரிக்காவில் அந்த விலைக்குள் என்னென்ன அடங்கியிருக்கிறது என்று பாருங்கள். அவர்களுடைய வேன் ஒர்க்ஷாப் வாசலுக்கே வரும், மெக்கானிக் தவணையில் காசு கட்டலாம், உடைந்ததை வேனிலேயே மாற்றிக்கொள்ளலாம். தினமும் எட்டு மணி நேரம் அதே ராட்செட்டை ஆட்டுகிறவருக்கு அது நியாயமான பேரம். மாதம் ஒரு ஞாயிறு வேலை பார்க்கிற நம் வாசலுக்கு அந்த வேன் வராது. வராத சேவைக்கும் சேர்த்துக் காசு கொடுக்க வேண்டாம். அந்தக் காசில் 3/8 டார்க் ரெஞ்சும் இரண்டு நல்ல டிரைவரும் நான்கு சாக்கெட்டும் முதலில் வரட்டும்.

பின்சேர்க்கை 1: இதைப் படித்துவிட்டு ரெஞ்ச் வாங்கிய ஒருவர், 24 வைத்து இறுக்கியும் போல்ட் ரொம்ப டைட்டாக இருக்கிறது என்று எழுதினார். படம் அனுப்பச் சொன்னேன். அவர் பார்த்தது கைப்பிடியின் இன்னொரு பக்கத்தில் இருந்த ஃபுட் பவுண்ட் ஸ்கேல். அதில் 24 என்றால் 32 நியூட்டன் மீட்டருக்கும் மேலே. நல்லவேளை, மரை தப்பியது. பழைய மேனுவல்களில் கிலோகிராம் மீட்டர் கணக்கு இருக்கும், 2.4 என்று போட்டிருந்தால் ஏறக்குறைய 24 நியூட்டன் மீட்டர். முதல் வேலையாக, நீங்கள் பார்க்க வேண்டிய ஸ்கேலின் மேல் மார்க்கரால் ஒரு கோடு போட்டு வையுங்கள்.

பின்சேர்க்கை 2: "ஷோரூமில் ஏற்கெனவே ஏகத்துக்கு இறுக்கி வைத்திருக்கிறார்கள், எப்படிக் கழற்றுவது?" என்று மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். வண்டியை ஐந்து நிமிடம் ஓட்டி இன்ஜினை லேசாகச் சூடாக்குங்கள். ஆறு மூலை 17 சாக்கெட்டைப் போல்ட்டின் தலையில் அடி வரை தள்ளி உட்கார வையுங்கள். ஒரு கை சாக்கெட்டின் தலையை மேலே அழுத்திப் பிடித்திருக்க வேண்டும், இன்னொரு கையால் கம்பியை இழுங்கள். படுத்துக்கொண்டு பார்க்கும்போது திசை குழம்பும். போல்ட்டின் தலை உங்களைப் பார்த்தபடி இருக்கிறதென்றால் கடிகார முள்ளுக்கு எதிர்ப்பக்கம்தான் கழலும். இழுப்பதற்கு முன்னால் ஒரு தடவை விரலால் காற்றில் சுற்றிப் பார்த்துக்கொள்ளுங்கள், நான் இன்றைக்கும் அப்படித்தான் செய்கிறேன்.