கன்னுக்குட்டிக்குப் பால்மாவு: சோயா கலந்த மூட்டையை எப்போது, எப்படிக் கொடுப்பது

சீம்பால் கட்டம் முடிந்து, கறந்த பாலை சொசைட்டிக்கு ஊற்றிவிட்டு, கன்னுக்கு மில்க் ரீப்ளேசர் (பாலுக்குப் பதிலாகக் கரைத்துக் கொடுக்கும் மாவு) கொடுப்பவர்களுக்கு இது. ஊட்டி, கோத்தகிரிப் பக்கத்து ஜெர்சிக் கலப்புக் கன்னு, எடை 25 கிலோ என்று வைத்துக் கணக்கு.

1. லேபிள்
விலைக்கு முன் ‘குரூட் ஃபைபர்’ (நார்) வரியைப் பாருங்கள். பாலில் நார் கிடையாது. 0.15 சதவீதத்துக்குள் என்றால் புரதம் பெரும்பாலும் பாலிலிருந்து வந்தது, 0.2-ஐத் தாண்டினால் சோயா மாவு மாதிரி ஏதோ சேர்ந்திருக்கிறது. அதையே முழுதாக நம்பவும் முடியாது. சோயா ஐசொலேட்டிலும் (சோயாவிலிருந்து பிரித்தெடுத்த புரதம்) கோதுமைப் புரதத்திலும் நார் மிகக் குறைவு, எண்ணில் தெரியாது. சேர்மானப் பட்டியலையும் படிக்க வேண்டும். பட்டியல் இல்லாத மூட்டை எவ்வளவு மலிவானாலும் வேண்டாம்.

2. வயது
முதல் மூன்று வாரம் பால் புரதம் மட்டும். பாலின் முக்கியப் புரதமான கேசீன் கன்னின் நாலாம் வயிற்றில் உறைந்து மெல்ல இறங்கும். சோயா உறையாது, அதைச் செரிக்கும் நொதியும் அந்த வயதில் போதாது. சரியாக வேகாத சோயா மாவில், புரதம் செரிப்பதைத் தடுக்கும் டிரிப்சின் தடுப்பான் வேறு. சோயாவில் உள்ள கிளைசினின் என்ற புரதத்தின் ஒவ்வாமையில், சத்தை உறிஞ்சும் குடலுறிஞ்சிகள் தேய்ந்துபோகும். கழிச்சல் வராவிட்டாலும் எடை ஏறாது. (பால் திரிந்த தெளிநீரிலிருந்து வரும் வே புரதமும் உறையாது, ஆனால் செரிக்கும். அதனால், பாலை உறைய வைக்கும் ரென்னெட்டை மாவுக் கரைசலில் விட்டு, உறைகிறதா என்று பார்க்கும் சோதனையால் பயனில்லை.)

மூன்று வாரம் கழித்து சோயா கலந்த மாவுக்கு மாற்றும்போது, புது மாவின் பங்கைக் கால், அரை, முக்கால் என்று ஏற்றி நாலைந்து நாள் எடுத்துக்கொள்ளுங்கள்.

3. கரைப்பது
மாவு 125 கிராம், தண்ணீர் சேர்த்து மொத்தம் ஒரு லிட்டர். அளவுக்கரண்டியைத் தூக்கிப் போட்டுவிட்டுத் தராசு வையுங்கள். பிராண்டுக்குப் பிராண்டு மாவின் அடர்த்தி மாறும்.

தண்ணீர் 45–50 டிகிரி. குறைந்தால் கொழுப்பு கட்டியாக மிதக்கும், கொதிநீர் விட்டால் புரதம் திரியும். ‘பாதி வெந்நீர், பாதி பச்சைத்தண்ணீர்’ கணக்கு மலையில் நிற்காது: ஊட்டி உயரத்தில் 92–93 டிகிரியிலேயே கொதித்துவிடும், பச்சைத்தண்ணீரோ காலையில் ஒரு சூடு, மதியம் ஒரு சூடு. தெர்மாமீட்டர் இல்லாமல் ஆகாது.

கொடுக்கும்போது 39–40 டிகிரி. நிப்பிள் பாட்டில்தான் என் தேர்வு. சோயா மாவு அடியில் தங்கும். ஒரு கண்ணாடி டம்ளரில் பத்து நிமிடம் வைத்தால் வண்டல் தெரியும். பாதிப் பாட்டிலில் நிறுத்திக் குலுக்குங்கள்.

4. பனிக்காலம்
ஒரு நாளைக்கு 2.5 லிட்டர், இருவேளை. குளிர் 15 டிகிரிக்குக் கீழே போனாலே பிஞ்சுக் கன்னு தீனியை உடம்புச் சூட்டுக்குச் செலவழிக்கும். உறைபனி நாட்களில் மாவை அதிகம் போட்டுக் கெட்டியாக்காமல், மூன்றாம் வேளையாக இன்னொரு லிட்டர் கொடுங்கள்.

பின்சேர்க்கை: கழிச்சல் கண்டதும் பாலை நிறுத்துவதாகச் சிலர் எழுதியிருந்தார்கள். நிறுத்தாதீர்கள். இரண்டு பால் வேளைகளுக்கு நடுவில் கன்றுக்கான உப்புக்கரைசல் கொடுங்கள். கண் குழி விழுந்தாலோ சப்பவே மறுத்தாலோ உடனே கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள்.