ஜப்பானில் ரயில் பயணம்: காசும் நேரமும் வீணாகும் இடங்கள்

ஜப்பான் போகிறோம் என்றதும் பலர் முதலில் வாங்குவது ஜேஆர் பாஸ், அதாவது ஜேஆர் ரயில்களில் குறிப்பிட்ட நாட்களுக்கு எத்தனை முறை வேண்டுமானாலும் போகவிடும் சுற்றுலாப் பயணச்சீட்டு. ஒரு காலத்தில் அது சரியான யோசனைதான், ஆனால் 2023 அக்டோபரில் விலை ஏறியபோது 29,650 யென்னாக இருந்த ஏழு நாள் சாதாரண பாஸ் ஒரேயடியாக 50,000 ஆகிவிட்டது. டோக்கியோவிலிருந்து கியோட்டோவுக்கு ஷிங்கன்சென் என்னும் புல்லட் ரயிலில் போய்வர ஏறக்குறைய 28,000 யென்தான், அதனால் இந்த இரண்டு ஊரோடு பக்கத்திலுள்ள ஒசாகா, நாராவை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புகிறவருக்கு பாஸ் தண்டச்செலவு. அந்தத் தடத்தின் அதிவேக ரயிலான நொசோமியில் ஏற, பாஸ் இருந்தாலும் தனியாகப் பணம் கட்ட வேண்டும். முதலில் போகும் ஊர்களை எழுதிக் கூட்டிப் பாருங்கள், அப்புறம் வாங்கலாம்.

அடுத்தது பெட்டி. நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டி 160 செ.மீ.யைத் தாண்டினால், டோக்கியோ–கியோட்டோ தடத்தில் பெட்டி வைக்க இடமுள்ள இருக்கையாகப் பார்த்து முன்பதிவு செய்ய வேண்டும். இதற்குக் கூடுதல் காசு கிடையாது, ஆனால் செய்யாமல் ஏறினால் 1,000 யென் கேட்பார்கள். நம்மவர்கள் தூக்கிக்கொண்டு போகும் 28 அங்குலப் பெட்டி இந்த எல்லையை ஒட்டி வரும், வீட்டிலேயே டேப் வைத்து அளந்துவிடுங்கள். இல்லையா, பெட்டியை ஹோட்டலிலிருந்து அடுத்த ஹோட்டலுக்குக் கூரியரில் அனுப்பிவிட்டுக் கைவீசிப் போங்கள், அங்கே பலரும் அப்படித்தான் செய்கிறார்கள்.

முன்கூட்டியே பணம் போட்டு வைத்துக்கொள்ளும் சுயிகா அட்டை நகரத்துக்குள் சுற்ற அருமையானது. ஆனால் அதில் பணம் இருக்கிறதே என்று கியோட்டோ போகும் ஷிங்கன்சென்னில் ஏறிவிட முடியாது. காகிதச் சீட்டு என்றால் பெரும்பாலும் இரண்டு சீட்டுகள், இரண்டையும் சேர்த்து நிலையத்தின் தானியங்கி நுழைவுக் கதவில் செருகி, மறுபக்கம் வெளியே வருவதை மறக்காமல் எடுத்துக்கொள்ள வேண்டும். நான் ஒருமுறை எடுக்காமல் பத்தடி போய்விட்டுத் திரும்பி ஓடினேன், பின்னால் நின்ற பாட்டி கையில் பிடித்துக்கொண்டு நின்றார்!

ஷின்-ஒசாகாவும் ஒசாகாவும் வேறு வேறு நிலையங்கள், ஷிங்கன்சென் நிற்பது முதலாவதில்தான். டோக்கியோவில் நள்ளிரவு தாண்டினால் ரயில்கள் அடங்கிவிடும், விடியற்காலை ஐந்து மணி வரை டாக்சிதான், அதன் கட்டணம் வயிற்றைக் கலக்கும்.

சரி, கடைசியாக ஒன்று: கியோட்டோ போகும் ஷிங்கன்சென்னில் ஜன்னலோரம் வேண்டுமென்று 'ஏ' இருக்கையை எடுத்துவிடாதீர்கள், அது கடல் பக்கம். ஃபூஜி மலை தெரிவது 'ஈ' பக்கத்தில், போகும்போதும் வரும்போதும் அதே எழுத்துதான். டோக்கியோவில் கிளம்பி முக்கால் மணி நேரத்தில் வந்துவிடும், அதுவரை தூங்காமல் இருங்கள்.