பிஎஸ்ஏ எம்20 ஃபிரேமின் வயதைக் கண்டுபிடிக்க: சாண்ட் பிளாஸ்டிங்குக்கு முன் இதைப் படியுங்கள்

முதல் ஃபிரேமை நானே பாழாக்கினேன். பர்மிங்காம் பக்கம் ஒரு பழைய வண்டிச் சந்தையில் வாங்கி, வீட்டுக்குக்கூடக் கொண்டுபோகாமல் நேரே சாண்ட் பிளாஸ்டிங்குக்கு, அதாவது மணலை வேகமாக அடித்துப் பெயின்டை உரிக்கும் வேலைக்குக் கொடுத்தேன். பளிச்சென்று வந்தது. வயதைச் சொல்லியிருக்கும் தடயத்தில் பாதி மணலோடு போய்விட்டது. கீழே இருப்பது இரண்டாவது ஃபிரேமில் கற்றது. இரண்டுமே எம்20, பிஎஸ்ஏ என்ற பிரிட்டிஷ் கம்பெனி இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் ராணுவத்துக்காக ஒரு லட்சத்துக்கும் மேல் செய்த 496 சிசி சைடு வால்வு (சிலிண்டருக்குப் பக்கத்தில் வால்வு உள்ள) மோட்டார் சைக்கிள்.

படி 1: எண். ஹேண்டில்பார் கழுத்தின் இடப்பக்கம் அடித்திருக்கும். பெயின்ட் ரிமூவர் தடவி, கால் மணி நேரம் விட்டு, பித்தளை பிரஷால் தேயுங்கள். கிரைண்டரில் மாட்டும் கம்பி வீல் வேண்டவே வேண்டாம், 8-ஐ 3 ஆக்கிவிடும். துடைத்தபின் சாக்பீஸ் தேய்த்து, டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்தால் எண் வெள்ளையாக எழும்பும்.

படி 2: முன்னெழுத்து. கேஎம்20 என்றால் 1939. டபிள்யூஎம்20 என்றால்? போர் முடியும்வரை அதே முன்னெழுத்துதான், ஆண்டு தெரியாது. எஞ்சின் எண்ணையும் நம்பாதீர்கள். அதே போரில் ஓடிய இன்னொரு ராணுவ மோட்டார் சைக்கிளான நார்ட்டன் 16ஹெச்சில் எஞ்சினுக்கும் ஃபிரேமுக்கும் ஒரே எண். பிஎஸ்ஏவில் ஆலையை விட்டு வரும்போதே வேறு வேறு.

படி 3: பெயின்ட். நான் கோட்டைவிட்ட இடம் இதுதான். டேங்குக்கு அடியில், யார் பிரஷும் எட்டாத மூலையாகப் பாருங்கள். 600 நம்பர் வாட்டர் பேப்பரை நனைத்து, காசு அளவுக்கு வட்டமாகத் தேயுங்கள். பழைய பெயின்டில் ஈயம் இருக்கும், உலரத் தேய்க்காதீர்கள். மெதுவாகத் தேய்த்தால் ஒவ்வொரு பூச்சும் ஒரு வளையமாகத் தெரியும். எனக்கு மேலே கறுப்பு, அப்புறம் பளபளக்கும் கரும்பச்சை, அப்புறம் மங்கிய ஆலிவ், கடைசியில் மண் பழுப்பு.

அந்தப் பழுப்பைப் பார்த்ததும் கையை நிறுத்திவிட்டேன். போரின் தொடக்கத்தில் பூசியது காக்கிப் பச்சை. பச்சை நிறமிக்குத் தட்டுப்பாடு வந்து 1942 வாக்கில் எஸ்சிசி 2 என்ற பழுப்புக்கு மாறினார்கள். 1944-ல் எஸ்சிசி 15 என்ற ஆலிவ் வந்தது. ஆக, என் ஃபிரேம் பெரும்பாலும் அந்த இரண்டு ஆண்டுகளுக்கும் இடைப்பட்டது. பெரும்பாலும் என்று சொல்லக் காரணம், ராணுவப் பட்டறையில் முழுக்கச் சுரண்டிப் பூசியிருந்தால் அடிப்பூச்சு அவர்களுடையது.

படி 4: ஃபிரேம் எண்ணோடு பிரிட்டனின் விண்டேஜ் மோட்டார் சைக்கிள் கிளப் நூலகத்துக்கு எழுதுங்கள். ஆலையின் அனுப்புகைப் பதிவேடுகள் அங்கே இருக்கின்றன. கட்டணம் உண்டு, தயங்காமல் கட்டுங்கள். இணையத்தில் சுற்றும் ஆண்டுப் பட்டியல்களைவிட இதையே நம்புவேன்.

பின்சேர்க்கை: கான்வாஸ் கைப்பிடியும் ரப்பர் இல்லாத இரும்பு ஃபுட்ரெஸ்ட்டும் இருக்கின்றன, அப்படியானால் 1942-க்குப் பிந்தியதுதானே என்று இருவர் கேட்டார்கள். அந்த ஆண்டு மலாயா ஜப்பான் கைக்குப் போனது. நம்மவர்கள் பால் வெட்டிய தோட்டங்களோடு பிரிட்டனின் ரப்பரும் போனது. அதனால்தான் கான்வாஸ். ஆனால் அவை கழற்றி மாட்டும் சாமான்கள். 1940 ஃபிரேமிலும் பட்டறைக்காரர் மாட்டியிருப்பார். ஃபிரேமின் வயதுக்கு அவற்றைச் சாட்சிக்குக் கூப்பிடாதீர்கள்.