தோட்டப் பட்டணத்தில் குடியிருப்பாளர் சங்கம்: புகார் முதல் மேம்பாட்டுத் திட்டம் வரை, படிப்படியாக

பெஸ்தாரி ஜெயா, சுங்கை சிப்புட், பீடோர் போன்ற மலேசிய ஊர்களில் ஒரே சாலையின் இரு பக்கமும் வெவ்வேறு ஆட்சியில் இருக்கும். இந்தப் பக்கம் தாமான் எனும் வீடமைப்புப் பகுதி, அந்தப் பக்கம் செம்பனைத் தோட்டம், அதற்குள் தோட்டத் தொழிலாளர்களின் பழைய லயத்து வீடுகள், ஓரமாக ஒரு கோயில், ஆற்றங்கரையில் மயானம். கால்வாய் அடைத்தால் எல்லார் வீட்டிலும் ஒரே தண்ணீர்தான் ஏறும். ஆனால் புகாரை வாங்கவேண்டிய அலுவலகம் ஒன்றல்ல. புதிய சங்கங்கள் பெரும்பாலும் தடுக்கி விழும் இடம் இது. ஆகவே எந்தக் கடிதத்துக்கும் முன்னால் "இது யாருடைய நிலம்?" என்ற கேள்விக்கு விடை தேடுங்கள்.

படி 1: வரைபடம் போடுங்கள்

ஒரு பெரிய தாளில் உங்கள் வட்டாரத்தை வரைந்து, ஒவ்வொரு சாலை, கால்வாய், திடல், கோயில், மயானம் பக்கத்திலும் அதன் உரிமையாளரை எழுதுங்கள்.

சாலைக்கு எளிய அடையாளம் கிலோமீட்டர் கல். அதிலுள்ள சாலை எண் வெறும் எண்ணாக இருந்தால் கூட்டரசுச் சாலை. எண்ணுக்கு முன் எழுத்து இருந்தால் மாநிலச் சாலை: சிலாங்கூருக்கு 'பி', பேராவுக்கு 'ஏ', கெடாவுக்கு 'கே'. இந்த இரண்டு வகைக்கும் பொதுப்பணித் துறையான ஜே.கே.ஆரிடம் போகவேண்டும். தாமான் உள்சாலைகள், மேம்பாட்டாளர் அவற்றை ஒப்படைத்துவிட்டிருந்தால், நகராண்மைக் கழகத்தினுடையவை. ஒப்படைக்காவிட்டால் இன்னும் மேம்பாட்டாளர் பொறுப்பு. தோட்டத்துக்குள் போகும் செம்மண் சாலை கம்பெனியின் சொத்து. அதில் குழி விழுந்தால் நகராண்மைக் கழகம் தார் ஊற்றாது. ஊற்றச் சொல்லி எழுதினால் "தனியார் நிலம்" என்று இரண்டு வரியில் பதில் வரும்.

தண்ணீரும் அப்படித்தான். வீட்டோரக் கால்வாய் நகராண்மைக் கழகம். ஆறும் அதன் கரையும் வடிகால் நீர்ப்பாசனத் துறையான ஜே.பி.எஸ்.

நிலத்தின் உரிமையாளர் பெயர் தெரியாவிட்டால் மாவட்ட நில அலுவலகத்தில் லாட் எண்ணை, அதாவது நிலத் துண்டின் எண்ணைக் கொடுத்து, கட்டணம் கட்டி, அதிகாரப்பூர்வத் தேடல் செய்யலாம். அலுவலகத்தில் 'சாரியான் ரஸ்மி' என்று கேளுங்கள். வரும் தாளில் மூன்று விஷயங்களைப் பாருங்கள்: உரிமையாளர் பெயர், நிலத்தின் வகை (விவசாயம், கட்டடம், தொழில்), அடமானம் அல்லது கேவியட் (கைமாற்றத்தைத் தடுக்கும் பதிவு) உண்டா. விவசாய நிலம் என்று கிராண்டில் (நில உரிமைப் பத்திரத்தில்) இருக்கும் இடத்தில் வீடு கட்டவேண்டுமானால் நில வகையை மாற்றியாக வேண்டும். அந்த விண்ணப்பம் மாநில அரசுக்குப் போகும். கம்பெனி "நாளைக்கே கட்டப்போகிறோம்" என்று மிரட்டினாலும், தாளில் இன்னும் விவசாயம் என்று இருந்தால் உங்களுக்கு அவகாசம் இருக்கிறது.

தோட்டம் விற்கப்படுவதாகப் பேச்சு வந்தால் தேசிய நிலச் சட்டத்தின் 214ஏ பிரிவையும் நினைவில் வையுங்கள். தொடர்ச்சியாக 40 ஹெக்டருக்குக் குறையாத விவசாய நிலத்தைத் துண்டுபோட்டு விற்க, தோட்ட நில வாரியத்தின் அனுமதி தேவை.

படி 2: பதிவு செய்யுங்கள்

அண்டை அயலார் அமைப்பான ருக்குன் தெத்தாங்காவும் குடியிருப்பாளர் சங்கமும் ஒன்றல்ல. ருக்குன் தெத்தாங்கா 1975இல் தொடங்கியது. இப்போது 2012ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் ஒற்றுமைத் துறையின் மேற்பார்வையில் இயங்குகிறது. இரவு ரோந்துக்கும் அண்டை அயலார் உறவுக்கும் அது நல்லது. மேம்பாட்டாளரோடும் நகராண்மைக் கழகத்தோடும் எழுத்தில் மோத, 1966ஆம் ஆண்டு சங்கச் சட்டத்தின்கீழ் பதிவான தனிச் சங்கம் வசதி. இரண்டையும் வைத்துக்கொள்வதில் தவறில்லை.

பதிவுக்குக் குறைந்தது 7 பேர் வேண்டும். தற்காலிகச் செயற்குழு அமைத்து, கூட்டக் குறிப்பு எழுதி, சங்கப் பதிவிலாகாவின் இரோசஸ் இணையத் தளத்தில் விண்ணப்பிக்கலாம். மாதிரி விதிமுறை அங்கேயே கிடைக்கும். அதை அப்படியே ஏற்காமல் இரண்டு இடங்களைத் திருத்துங்கள்.

ஒன்று, யார் உறுப்பினராகலாம். "வீட்டு உரிமையாளர்" என்று எழுதினால் லயத்துக் குடும்பங்களும் வாடகைக்கு இருப்பவர்களும் வெளியே போய்விடுவார்கள். தோட்டப் பட்டணத்தில் பாதிப்பை முதலில் தாங்குபவர்கள் அவர்கள்தான். "எல்லைக்குள் வசிப்பவர்" என்று எழுதுங்கள், எல்லையைச் சாலைப் பெயர்களோடு குறிப்பிடுங்கள்.

இரண்டு, கோரம், அதாவது கூட்டம் செல்லுபடியாகக் குறைந்தது எத்தனை பேர் வரவேண்டும் என்பது. உறுப்பினரில் பாதிப்பேர் வரவேண்டும் என்று மட்டும் வைத்தால் இரண்டாம் ஆண்டே பொதுக்கூட்டம் நடக்காது. பாதிப்பேர் அல்லது செயற்குழு எண்ணிக்கையைப்போல் இருமடங்கு, இதில் எது குறைவோ அது என்று வைப்பது வழக்கம்.

வங்கிக் கணக்கில் மூவர் பெயர் கொடுத்து, எந்த இருவரும் கையெழுத்திட வேண்டும் என்று வையுங்கள். பொதுக்கூட்டம் முடிந்த 60 நாளுக்குள் ஆண்டறிக்கை பதிவிலாகாவுக்குப் போகவேண்டும். இதை மறந்த சங்கங்கள் பதிவை இழக்கலாம். பெரும்பாலும் அது தெரிய வருவது, கழகம் "உங்கள் பதிவுச் சான்றைக் காட்டுங்கள்" என்று கேட்கும் நாளில்தான்.

இன்னொரு ஆலோசனை: கோயில் தலைவரே சங்கத் தலைவராகவும், கட்சிக் கிளைத் தலைவராகவும் இருந்தால், மூன்றில் ஏதாவது ஒன்றில் சண்டை வரும்போது மூன்றும் சேர்ந்து நின்றுபோகும். ஆள் பஞ்சம்தான், ஆனாலும் பிரித்து வையுங்கள்.

படி 3: புகாரைப் பதியுங்கள்

வாட்சாப் குழுவில் கால்வாய்ப் படத்தைப் போட்டால் நாற்பது பேர் கட்டைவிரல் காட்டுவார்கள். கழகம் அதைப் படிப்பதில்லை. ஒரு நோட்டுப் புத்தகமோ கணினித் தாளோ வைத்து ஒவ்வொரு புகாருக்கும் வரிசை எண், தேதி, இடம், படம், யாரிடம் கொடுத்தது, பதில் என்ன என்று பதியுங்கள். இடத்தை எழுதும்போது "கோயில் பக்கம்" என்று எழுதாமல், சாலைப் பெயர், எதிர்வீட்டு எண், தெருவிளக்கானால் கம்பத்தில் ஒட்டியிருக்கும் எண் ஆகியவற்றைக் குறியுங்கள். அந்தக் கம்ப எண் இல்லாததால்தான் பழுதுபார்க்க வந்தவர் விளக்கைக் கண்டுபிடிக்காமல் திரும்பிப்போகிறார்.

கடிதம் மலாயில், ஒரு பக்கத்துக்குள், ஒரு கடிதத்துக்கு ஒரே பிரச்சினை. குப்பை, குழி, நாய் எல்லாவற்றையும் ஒன்றாக எழுதினால் மூன்று பிரிவுக்குள் அது அலையும். இரண்டு நகல் எடுத்துப்போய் ஒன்றில் பெற்றுக்கொண்டதற்கான 'தெரிமா' முத்திரை வாங்குங்கள். இணையத்தில் கொடுத்தால் புகார் எண்ணைக் குறித்து வையுங்கள். இரண்டு வாரத்தில் பதில் இல்லையென்றால் அந்த எண்ணைச் சுட்டி நினைவூட்டல் எழுதுங்கள். அதற்கும் அசைவில்லை என்றால் வட்டாரக் கவுன்சிலருக்கும் சட்டமன்ற உறுப்பினருக்கும் நகல் வையுங்கள். சிலாங்கூரில் என்றால் இந்தியச் சமூகத் தலைவருக்கும். முதல் கடிதத்திலேயே எல்லாருக்கும் நகல் போட்டால், அதிகாரி தற்காப்புக்குப் போய்விடுவார், வேலை நடக்காது.

நம் நாட்டில் கவுன்சிலர்கள் தேர்தலில் வருவதில்லை, மாநில அரசு நியமிக்கிறது. ஆனால் 1976ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டத்தின் 23ஆம் பிரிவுப்படி கழகத்தின் முழுக் கூட்டம், தீர்மானம் போட்டு மூடினாலொழிய, பொதுமக்களுக்குத் திறந்தது. இருவர் போய் ஓரத்தில் உட்கார்ந்து குறிப்பெடுக்கலாம். மிகச் சில சங்கங்களே இதைச் செய்கின்றன.

படி 4: மேம்பாட்டுத் திட்டம் வரும்போது

இங்கே தேதிகள்தான் உயிர். 1976ஆம் ஆண்டு நகர், கிராமத் திட்டமிடல் சட்டம், அதாவது 172ஆம் சட்டம், இரண்டு வாசல்களைத் தருகிறது.

முதல் வாசல் உள்ளூர்த் திட்டம், மலாயில் 'ரன்சாங்கான் தெம்பாத்தான்'. எந்த நிலத்தில் வீடு, எங்கே தொழிற்சாலை, எங்கே பசுமை என்று நிறம் போட்டுக் காட்டும் வரைவு, பொதுப் பார்வைக்கு வைக்கப்படும். ஆட்சேபம் தெரிவிக்கக் குறைந்தது 4 வாரம் தரவேண்டும். உங்கள் மயானம் அந்த வரைபடத்தில் மயானமாகக் குறிக்கப்பட்டிருக்கிறதா, வெறும் விவசாய நிலமாகவா என்று அப்போது பார்க்கவேண்டும். பல ஊர்களில் இந்தக் காட்சிக்கு யாரும் போவதில்லை. பத்து வருடம் கழித்து புல்டோசர் வரும்போது, "திட்டத்தில் எப்போதோ இருந்ததே" என்ற பதில்தான் மிச்சம்.

இரண்டாம் வாசல், ஒரு குறிப்பிட்ட திட்டத்துக்கான அனுமதி, அலுவலகத்தில் கே.எம். என்பார்கள். உள்ளூர்த் திட்டம் இல்லாத இடத்தில் அண்டை நில உரிமையாளர்களுக்கு 21(6) பிரிவின்படி எழுத்தில் அறிவிப்பு வரவேண்டும். கையில் கிடைத்த நாளிலிருந்து 21 நாளில் ஆட்சேபத்தைக் கொடுத்து, விசாரணையும் கேட்கலாம். அண்டை நிலம் என்றால் ஒட்டிய நிலம். அல்லது 20 மீட்டருக்கு மேற்படாத சாலை, கால்வாய் போன்றவை நடுவில் இருப்பது. அல்லது ஒரே முட்டுச்சந்துச் சாலையை இரண்டு நிலமும் பயன்படுத்தினால் 200 மீட்டருக்குள் இருப்பது. உள்ளூர்த் திட்டம் உள்ள இடங்களில் அறிவிப்பு கட்டாயமா என்பது மாநில விதிகளைப் பொறுத்தது. ஆகவே கழகத்தின் திட்டமிடல் துறையில் முதலில் "இந்த லாட்டுக்குக் கெஜட்டான (அரசிதழில் வெளியான) உள்ளூர்த் திட்டம் உண்டா?" என்று கேளுங்கள்.

கவனியுங்கள்: அறிவிப்பு *உரிமையாளருக்கு* வரும், குடியிருப்பவருக்கு அல்ல. நாலு தலைமுறை லயத்தில் இருந்தவருக்கும் கடிதம் வராது. அதனால் பக்கத்துத் தாமானில் சொந்த வீடு உள்ள உறுப்பினர்களின் பட்டியலைச் சங்கம் தயாராக வைத்திருக்கவேண்டும். அறிவிப்பு வந்த அன்றே செயலாளரிடம் கொடுக்கச் சொல்லுங்கள். உறையின் மேல் வந்த தேதியை எழுதி வையுங்கள்.

ஆட்சேபத்தில் கோபத்தை எழுதாதீர்கள், திட்டமிடல் காரணத்தை எழுதுங்கள். "இந்தத் திட்டம் எங்களுக்கு வேண்டாம்" என்பது குப்பைக்கூடைக்குப் போகும். இப்படி எழுதிப் பாருங்கள்:

"முன்மொழியப்பட்ட நுழைவாயில் தமிழ்ப்பள்ளி வாசலுக்கு எதிரே வருகிறது. காலை 7 மணிக்கு அங்கே நிற்கும் வண்டிகளின் படம் இணைப்பில். நுழைவாயிலை வடக்கு எல்லைக்கு மாற்றவும், போக்குவரத்து ஆய்வைப் பார்க்கத் தரவும் கோருகிறோம்."

கேட்கக்கூடியவை: போக்குவரத்து ஆய்வு, மழைநீர் எந்தக் கால்வாயில் இறங்கும், அதன் அகலம் போதுமா, தேக்கக் குளம் எங்கே, திறந்தவெளி மொத்தப் பரப்பில் 10 விழுக்காடாவது உள்ளதா. வெள்ளம் ஏறிய வீடுகளின் படங்களைத் தேதியோடு இணைத்தால் கால்வாய் வாதம் வலுக்கும். வெளிநாட்டுத் தொழிலாளர் வந்துவிடுவார்கள், வீட்டு விலை இறங்கும் என்பவற்றை எழுதினால் நல்ல காரணங்களும் சேர்ந்து மதிப்பிழக்கும்.

முடிவில் திருப்தி இல்லையென்றால், மேல்முறையீட்டு வாரியத்துக்கு ஒரு மாதத்துக்குள் போகலாம். ஆனால் 21(6)இன்கீழ் ஆட்சேபம் தந்தவருக்கே அந்த வாய்ப்பு. விசாரணையில் வாயால் சொன்னது போதாது.

படி 5: கோயில், மயானம், லயம்

மேனேஜர் சொன்ன வாக்கை நம்பி இருப்பதுதான் இங்கே பெரிய ஓட்டை. கம்பெனி கைமாறினால் புதிய உரிமையாளருக்கு அந்த வாக்குத் தெரியாது. நிறைய சங்கங்கள் கோயில் கட்டடத்தின் வயதையே வாதமாக வைக்கின்றன. நிலச் சட்டத்தில் வயது கிராண்டாக மாறாது.

நிலைக்கும் பிடிமானம் மூன்று. ஒன்று, திட்ட வரைபடத்திலேயே அந்த இடம் வழிபாட்டிடமாக அளவோடு குறிக்கப்படுவது. இரண்டு, கே.எம். அனுமதியின் நிபந்தனையாக அது எழுதப்படுவது. அப்படி எழுதிய பின் மேம்பாட்டாளர் மனம் மாறினாலும் நிபந்தனை நிற்கும். மூன்று, நிலம் அரசுக்கு ஒப்படைக்கப்பட்டு, தேசிய நிலச் சட்டத்தின் 62ஆம் பிரிவின்கீழ் பொது நோக்கத்துக்கான ஒதுக்கீடாகக் கெஜட் ஆவது. மூன்றில் கடைசியே பலமானது, அதற்கு நேரமும் அதிகம் பிடிக்கும்.

மயானத்துக்குப் போகும் வழியையும் மறக்கவேண்டாம். மயானம் காப்பாற்றப்பட்டு, அதற்குப் போகும் பாதை புதிய வேலிக்குள் போய்விட்ட ஊர்கள் உண்டு.

லயத்து வீடு என்றால் மாற்று வீட்டின் லாட் எண், அளவு, விலை, சாவி தரும் தேதி எல்லாம் கையெழுத்தான ஒப்பந்தத்தில் இருக்கட்டும். அதற்குமுன் வீட்டைக் காலி செய்யும் தாளில் கையெழுத்து வேண்டாம். இங்கே ஒரு வழக்கறிஞர் அவசியம்.

படி 6: வேலை தொடங்கியபின்

அனுமதிக் கடிதத்தின் நிபந்தனைகளை எடுத்துச் சுவரில் ஒட்டுங்கள். வாயிலில் லோரிச் சக்கரம் கழுவும் தொட்டி இருக்கிறதா, அதில் தண்ணீர் ஓடுகிறதா. மழைக்கு முன் வண்டல் குழி தூர்வாரப்பட்டதா. செம்மண் வீட்டோரக் கால்வாயில் படிந்தால் அன்றே படமெடுத்துக் கொடுங்கள், காய்ந்தபின் அதை யாரும் நம்பமாட்டார்கள்.

புதிய வீடு வாங்கியவர்களுக்குச் சாவி வாங்கிய நாளிலிருந்து 24 மாதம் பழுதுப் பொறுப்புக் காலம் உண்டு. சாலையும் கால்வாயும் நகராண்மைக் கழகத்துக்கு ஒப்படைக்கப்படும் முன் ஒரு சனிக்கிழமை செயற்குழு முழுவதும் நடந்து பார்த்து, மூடி உடைந்த கால்வாய், எரியாத விளக்கு, தண்ணீர் தேங்கும் சாலை ஆகியவற்றை வரைபடத்தில் குறித்து, மேம்பாட்டாளருக்கும் கழகத்துக்கும் முத்திரையோடு கொடுங்கள். ஒப்படைத்தபின் அந்தப் பழுதைச் சரிசெய்யும் செலவு உங்கள் வீட்டு வரியிலிருந்து போகும்.